பெனடிக்ட் டெஸ்ட்ல சர்க்கரை நீலமாவே நிக்குதா? பாட்டில் மேல பழி போடாதீங்க

கேள்வி: பொண்ணுக்கு பயாலஜி பிராக்டிகல் வருது. வீட்ல இருக்கிற சர்க்கரையை தண்ணில கரைச்சு, சர்க்கரை இருக்கான்னு காட்டுற பெனடிக்ட்ங்கிற நீலக் கரைசலை ஊத்தி டெஸ்ட் பண்ணிப் பார்த்தா, எவ்ளோ நேரம் சூடு பண்ணாலும் நீலமாவேதான் இருக்கு. டியூஷன் மாஸ்டர் "ரியேஜென்ட் (அந்தக் கரைசல்) கெட்டுப்போச்சு, என்கிட்ட புது கிட் இருக்கு"ங்கிறார். வாங்கணுமா?

பதில்: வாங்காதீங்க மேடம். பொண்ணுக்கு வந்த ரிசல்ட்தான் கரெக்ட்.

பெனடிக்ட் எல்லா சர்க்கரையையும் பிடிக்காது, ரெட்யூசிங் சுகரை, அதாவது எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கிற சர்க்கரையை மட்டும்தான் பிடிக்கும். அந்த நீலம் காப்பரோட கலர். குளுக்கோஸ் மாதிரி சர்க்கரை அந்த காப்பருக்கு எலக்ட்ரான் கொடுத்துச்சுன்னா காப்பர் ஆக்சைடா மாறி செங்கல் கலர்ல அடியில படியும். வீட்டு சர்க்கரை சுக்ரோஸ், அதாவது குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் சேர்ந்தது, ஆனா ரெண்டும் எலக்ட்ரான் கொடுக்கிற அந்த இடத்துலயே ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு, அப்புறம் காப்பருக்கு யார் கொடுக்கிறது?

இந்த கிட் வியாபாரம் எனக்கு நல்லா தெரியும். பெனடிக்ட் அவ்ளோ சீக்கிரம் கெடாது. இதே வேலைக்கு ஃபெலிங்னு இன்னொரு கரைசல் இருக்கு, அதைத்தான் ரெண்டு பாட்டிலா வெச்சு டெஸ்ட் பண்றப்போ கலக்கணும், பெனடிக்ட் ஒரே பாட்டில்ல நாள்கணக்கா நிக்கும், அதுதான் அதோட வசதியே. சந்தேகம்னா மூணு டியூப் எடுங்க, ஒண்ணுல வெறும் தண்ணி, ஒண்ணுல குளுக்கோஸ் பவுடர் கரைச்சது, ஒண்ணுல வீட்டு சர்க்கரை. மூணுலயும் அதே அளவு பெனடிக்ட் ஊத்தி, கொதிக்கிற தண்ணிக்குள்ள அஞ்சு நிமிஷம் நிறுத்துங்க, நேரா தீயில காட்டினா குபுக்னு முகத்துல தெறிக்கும். குளுக்கோஸ் டியூப் மட்டும் சிவந்தா பாட்டில் நல்ல பாட்டில். இதை ஒருத்தரும் சொல்லித் தர மாட்டாங்க, ஏன்னா சொல்லிட்டா கிட் விக்காது.

சரி, சுக்ரோஸை எப்படி காட்றது? டைல்யூட் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் கொஞ்சம் விட்டு சில நிமிஷம் சூடு பண்ணா அது குளுக்கோஸ், ஃபிரக்டோஸ்னு உடையும். இதை ஸ்கூல் லேப்ல டீச்சர் பக்கத்துல இருக்கும்போது பாதுகாப்புக் கண்ணாடி போட்டுட்டு பண்ணட்டும். ஆற விட்டு, ஆசிட்டை முறிக்க (நியூட்ரலைஸ் பண்ண) சோடியம் பைகார்பனேட்டை சிட்டிகை சிட்டிகையா போடணும், நுரை பொங்கி பொங்கி வரும், அது சுத்தமா அடங்குற வரைக்கும் போடணும். முக்கால்வாசி பசங்க கோட்டை விடுறது இங்கதான், ஆசிட் மிச்சம் இருந்தா பெனடிக்ட் வேலையே செய்யாது, திரும்பவும் நீலம், திரும்பவும் "பாட்டில் சரியில்ல"ன்னு கதை ஆரம்பிக்கும். அதுக்கப்புறம் பெனடிக்ட் விட்டு சூடு பண்ணுங்க, சிவக்கும்.

ஒரு விஷயம் மட்டும் அழுத்தி சொல்றேன். சிவந்துட்டாலே சர்க்கரைன்னு அடிச்சு எழுதிடாதீங்க. வைட்டமின் சி இருக்கே, அதுவும் காப்பருக்கு எலக்ட்ரான் கொடுக்கும். வைட்டமின் சி மாத்திரையை கரைச்சு பெனடிக்ட் விட்டா, சர்க்கரையே இல்லாட்டியும் கலர் மாறும். யூரின்ல சர்க்கரை இருக்கான்னு பெனடிக்ட் வெச்சு பார்த்த காலத்துல, வைட்டமின் சி நிறைய எடுத்தவங்களுக்கு இல்லாத சர்க்கரையை இருக்குன்னு காட்டி குழப்பியிருக்கு. அதனால எலுமிச்சை ஜூஸ் மாதிரி சாம்பிள் கொடுத்தா, டிசிபிஐபி-ங்கிற நீல டையில சொட்டு சொட்டா விட்டுப் பாருங்க, கலரே இல்லாம போயிடுச்சுன்னா (வெறும் பிங்க் ஆனா அது ஆசிட்டோட வேலை) உள்ள வைட்டமின் சி இருக்க வாய்ப்பு அதிகம், அப்போ பெனடிக்ட்ல வந்த சிவப்பு முழுக்க சர்க்கரையோடதுன்னு சொல்ல முடியாது.

மத்த ரெண்டு டெஸ்ட்டையும் ஒரு வரியில சொல்லிடறேன்: புரோட்டீன் பார்க்கிற பையூரெட் டெஸ்ட்டுக்கு சூடே வேணாம், ஸ்டார்ச் பார்க்க அயோடின் விடுறப்போ ஸ்டார்ச் ஆறியிருக்கணும், சூடா இருந்தா அந்த கருநீலம் காணாம போயிடும். அவ்ளோதான்.

இன்னொரு கொடுமை, செங்கல் சிவப்பு வந்தாதான் மார்க்காம். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு எல்லாமே பாசிட்டிவ்தாங்க, சர்க்கரை கம்மியா இருந்தா பச்சையோட நின்னுடும். கண்ணுல பார்த்ததை எழுதுற புள்ளைக்கு மார்க் கட், காசு கொடுத்து வாங்கின ரெக்கார்டு நோட்டை அப்படியே காப்பி அடிச்ச புள்ளைக்கு ஃபுல் மார்க், இந்த லட்சணத்துல எங்கேந்து சயின்ஸ் வரும்!

ரெக்கார்டுல பொண்ணை ரெண்டு வரியா எழுத சொல்லுங்க: "நேரடியா பெனடிக்ட், நீலம் மாறலை. ஆசிட்ல சூடு பண்ணி நியூட்ரலைஸ் பண்ணின பிறகு செங்கல் சிவப்பு. எனவே இது நான்-ரெட்யூசிங் சுகர்." முதல் வரி இல்லாம ரெண்டாவது வரிக்கு அர்த்தமே கிடையாது, அதை மட்டும் அடிக்க விடாதீங்க.