பள்ளி வாசலில் மைக் பிடிக்கலாமா?

பள்ளிகளைச் சுற்றிப் போராட்டம் நடத்தத் தடை வேண்டும் என்று பெற்றோர்களில் ஒரு தரப்பும், அது பேச்சுரிமைக்குப் பூட்டு என்று இன்னொரு தரப்பும் எழுதியிருக்கிறார்கள். வந்த கடிதங்களில் ஐந்துக்கு இங்கே பதில்.

கேள்வி: எங்கள் ஊரில் பள்ளியிலிருந்து 200 மீட்டருக்குள் தர்ணா, ஆர்ப்பாட்டம் கூடாது என்று பேரூராட்சி மன்றத்தில் தீர்மானம் போடச் சொல்லி மனு கொடுக்கப் போகிறோம். தீர்மானம் செல்லுமா?
– பெற்றோர் ஆசிரியர் கழக உறுப்பினர், திங்கள்சந்தை

தீர்மானம் போடலாம். அது கோரிக்கையாக நிற்குமே தவிர, தடையாகாது. கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் உள்ளாட்சி மன்றத்திடம் இல்லை. போலீஸ் சட்டத்தின் 30(2) பிரிவில் மாவட்டக் காவல்துறையிடம் இருக்கிறது. அவசரத் தடை என்றால் நிர்வாக நடுவரிடம் போக வேண்டும்: மாவட்ட ஆட்சியர், நாகர்கோவில் கோட்டாட்சியர், பத்மநாபபுரம் சார் ஆட்சியர். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144 தடை உத்தரவு, 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 163-வது பிரிவு. நடுவர் போடும் உத்தரவுக்கு ஆயுள் இரண்டே மாதம். முடிந்ததும் அதையே திரும்பத் திரும்பப் போட்டு நிரந்தரமாக்குவது அதிகார துஷ்பிரயோகம் என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் அனுராதா பாசின் வழக்கில் சொல்லிவிட்டது. அதனால் உங்கள் ‘என்றைக்கும் 200 மீட்டர்’ இந்த வழியில் கிடைக்காது.

கிடைக்கக்கூடியதைக் கேளுங்கள். பொதுத்தேர்வு நாட்களின் பட்டியல் (தேர்வு காலை 10 மணி முதல் 1.15 வரை), பள்ளி தொடங்கும், விடும் நேரங்கள், பிள்ளைகள் நடந்துபோகும் பாதை, வாசல்கள் குறித்த ஒரு வரைபடம். இவற்றைத் தலைமையாசிரியர் கடிதத்தோடு டி.எஸ்.பி.யிடம் கொடுத்து, அனுமதி தரும்போதெல்லாம் இந்த நேரங்களைத் தவிர்க்க நிபந்தனை போடச் சொல்லுங்கள். பேரூராட்சி செய்யக்கூடியது ஒன்று உண்டு: தன் சாலையில் பந்தலும் மேடையும் போட அனுமதி மறுக்கலாம். நெடுஞ்சாலைத் துறையின் சாலை என்றால் அதுவும் அதன் கையில் இல்லை.

கேள்வி: பள்ளியிலிருந்து 100 மீட்டர் அமைதி மண்டலம் என்கிறார்களே, அதை வைத்தே மைக்கை நிறுத்திவிடலாமே?
– ஆசிரியை, மார்த்தாண்டம்

பாதி சரி. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் கல்விக்கூடம், மருத்துவமனை, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் என்று இருக்கிறது; பகலில் 50 டெசிபல், இரவில் 40 டெசிபல் வரம்பு. ஆனால் 2017 திருத்தத்துக்குப் பிறகு மாநில அரசு அறிவிக்கை செய்த இடம்தான் அமைதி மண்டலம். பலரும் இதைக் கவனிக்காமல் 100 மீட்டர் டேப்பைப் பிடித்துக்கொண்டு சண்டைக்குப் போகிறார்கள். உங்கள் பள்ளி அறிவிக்கையில் உண்டா என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் தகவல் உரிமை மனு போட்டு முதலில் கேளுங்கள்.

இல்லை என்று பதில் வந்தாலும் கை கட்டி நிற்க வேண்டாம். ஒலிபெருக்கிக்கு எங்கேயும் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். பொது இடத்தின் எல்லையில், அந்தப் பகுதியின் வரம்பைவிட 10 டெசிபல் கூடுதல் அல்லது 75 டெசிபல், இதில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகல் வரம்பு 55, ஆக 65. கடைத்தெருவுக்கு 65, ஆக 75.

இனி கணக்கு. ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபல் தரும் பெட்டி ஒலிபெருக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போது ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். 10 மீட்டரில் 80, 20-ல் 74, 40-ல் 68, 100-ல் 60. அதாவது 100 மீட்டர் தள்ளி நின்றாலும் 50-க்குள் வராது. இரண்டு பக்கமும் கான்கிரீட் கடைகள் நெருங்கி நிற்கும் தெருவில் சுவரில் பட்டுத் திரும்புவதால் இந்த அளவுகூடக் குறையாது. எனவே மீட்டரைக் கூட்டச் சொல்லி வாதாடுவதைவிட ஒலியைக் குறைக்கச் சொல்வதில் பலன் அதிகம்: ஒரே ஒரு பெட்டி, அதன் முகம் பள்ளிக்கு எதிர்த்திசையில், வகுப்பு நேரத்தில் அணைத்து வைத்தல். கூம்பு ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம். அது ஒலியை ஒரே திசையில் குவித்துத் தூரத்து ஜன்னலுக்குள்ளும் கொண்டுபோய்ச் சேர்க்கும். செல்போன் செயலியில் எடுத்த டெசிபல் கணக்கு புகாருக்குத் துணையாகலாம், சாட்சியமாக நிற்பது கடினம். தேதி, நேரம், இடம் எழுதிப் புகார் கொடுத்து, அதிகாரியைக் கருவியோடு வரவழையுங்கள்.

கேள்வி: பள்ளிக்கூடம் பக்கத்தில் டாஸ்மாக் கடை. அதை எடுக்கச் சொல்லித்தான் நாங்கள் வாசலில் உட்காருவோம். தடை வந்தால் எங்களையும் பிடிக்குமா?
– மகளிர் குழு, குழித்துறை

பிடிக்கும். இந்தத் தடையைக் கேட்பவர்கள் யோசிக்காத இடம் இதுதான். 2015 ஜூலை 31 அன்று உண்ணாமலைக்கடையில் காந்தியவாதி சசிபெருமாள் செல்போன் கோபுரத்தில் ஏறி உயிரை விட்டது, பள்ளிக்கும் வழிபாட்டுத் தலத்துக்கும் அருகில் இருந்த மதுக்கடையை அகற்றச் சொல்லித்தான். பள்ளி அருகே நடக்கும் போராட்டங்களில் பல, பள்ளிக்காகவே நடப்பவை. பஸ் நிற்கவில்லை, ஆசிரியர் இல்லை, வேகத்தடை இல்லை என்று அங்கே உட்காராமல் வேறெங்கே உட்காருவார்கள்?

உங்கள் கையில் வலுவான ஆயுதம் 2003-ம் ஆண்டின் மது சில்லறை விற்பனை விதிகள். மாநகராட்சி, நகராட்சியில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டருக்குள் கல்விக்கூடமோ வழிபாட்டுத் தலமோ இருந்தால் கடை கூடாது. குழித்துறை நகராட்சி என்பதால் உங்களுக்கு 50. உட்காருவதற்கு முன் தாலுகா சர்வேயரை வைத்து அளக்கச் சொல்லி, திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். 60 மீட்டர் என்று அளவு வந்தால் இந்த விதி உதவாது. அப்போது போராட்டம்தான் வழி. அதனால்தான் அதை மூடிவிடக் கூடாது என்கிறோம்.

கேள்வி: அமெரிக்காவில் இப்படி ஊர்ச் சட்டங்கள் உண்டாமே? நீதிமன்றம் ஏற்றதா?
– சட்டக் கல்லூரி மாணவர், நாகர்கோவில்

ஒன்றை ஏற்றது, ஒன்றைத் தள்ளியது, அதுவும் ஒரே தீர்ப்பில். இல்லினாய் மாநிலத்து ராக்ஃபோர்டு நகரில் 1969 ஏப்ரலில் ஓர் உயர்நிலைப் பள்ளி முன்பு கறுப்பின மாணவர்களின் குறைகளுக்காகச் சுமார் 200 பேர் கூடினார்கள். நகரத்திடம் இரண்டு ஊர்ச் சட்டங்கள் இருந்தன. பள்ளி தொடங்க அரை மணி முன்பிருந்து முடிந்து அரை மணி வரை, 150 அடிக்குள் மறியல் கூடாது என்பது ஒன்று. வகுப்பு நடக்கும்போது அதையொட்டிய இடத்தில் வேண்டுமென்றே கூச்சலிட்டுக் குலைக்கக் கூடாது என்பது மற்றொன்று.

1972 ஜூன் 26 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 150 அடிச் சட்டத்தைத் தள்ளியது. காரணம் தூரம் அல்ல. தொழிற்சங்கத் தகராறு மறியலுக்கு மட்டும் அதில் விலக்கு இருந்தது. என்ன பேசுகிறார்கள் என்பதைப் பார்த்து ஒருவரை விட்டு மற்றவரைத் தடுப்பது கூடாது. கூச்சல் சட்டம் நின்றது, ஏனென்றால் அது பேச்சின் பொருளைப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் அந்த இடத்தின் வேலை கெடுகிறதா என்பதை மட்டுமே பார்த்தது.

அந்தத் தீர்ப்பு நமக்குக் கட்டாயமில்லை. ஆனால் நம் உச்ச நீதிமன்றமும் ஹிம்மத்லால் ஷா வழக்கில், தெருக்கூட்டத்துக்கு அனுமதி மறுக்க அதிகாரிக்கு வரையறையில்லாத விருப்புரிமை தந்த அகமதாபாத் காவல் விதியைச் செல்லாது என்றது. ஒழுங்குபடுத்தலாம் என்றும் சேர்த்தே சொன்னது. ‘டாஸ்மாக் எதிர்ப்புக்கு மட்டும் விலக்கு’ என்று தீர்மானத்தில் ஒரு வரி சேர்த்துவிடலாமே என்று யோசிப்பவர்கள் ராக்ஃபோர்டு கதையை ஒருமுறை படிக்கட்டும்.

கேள்வி: பள்ளிக்கு அருகே ஆர்ப்பாட்டத்துக்கு அனுமதி கேட்டால் முந்தின நாள் இரவுதான் மறுப்பு வருகிறது. என்ன செய்வது?
– சங்க நிர்வாகி, கருங்கல்

குறைந்தது ஐந்து நாள், முடிந்தால் பத்து நாள் முன்னதாக மனு கொடுங்கள். நீதிமன்றம் போக நேரம் வேண்டுமல்லவா? மனுவில் தொடங்கும், முடியும் நேரம், ஆட்களின் எண்ணிக்கை, வாசலுக்கு எந்தப் பக்கம், எத்தனை அடி தள்ளி, ஒலிபெருக்கி எத்தனை, பொறுப்பாளர்கள் இருவரின் கையெழுத்தும் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும். ‘காலை முதல்’ என்று எழுதாதீர்கள், அதைக் காட்டியே மறுப்பார்கள். வகுப்பு நேரத்தில் மைக் இல்லாத தர்ணா, மாலை ஐந்துக்கு மேல் மைக்கோடு கூட்டம் என்று பிரித்துக் கேட்டால் மறுக்கக் காரணம் குறையும். சீருடையில் பிள்ளைகளைக் கொண்டுவந்து நிறுத்தாதீர்கள்.

இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாய்மொழி மறுப்பை ஏற்காதீர்கள். காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். அந்தத் தாளை வைத்துத்தான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போட முடியும். தடை உத்தரவு இருந்தும் கூடினால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ். சட்டத்தின் 223-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அந்தக் குற்றத்தை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க, உத்தரவிட்ட அலுவலரோ அவருக்கு மேலுள்ளவரோ எழுத்தில் புகார் தர வேண்டும். வழக்கு வந்தால் வக்கீலிடம் முதலில் இதைப் பார்க்கச் சொல்லுங்கள்.