காய்ச்சலும் பாய்ச்சலும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

திருத்துறைப்பூண்டி பக்கம் கடைமடையில் ஆறு மா நிலத்தில் நெல் சாகுபடி செய்கிறேன். போன வாரம் ஊருக்கு வந்த அதிகாரி, நெல்வயலில் கிளம்பும் மீத்தேனால் உலகம் சூடாகிறது, தண்ணீரைக் கட்டி வைக்காதீர்கள் என்றார். வெள்ளைக்காரன் சொன்னால் நாம் வயலைக் காயப்போட வேண்டுமா? டெல்லி பணிந்துவிட்டதா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பணியவில்லை. 2030க்குள் மீத்தேனை 30 சதவீதம் குறைப்பதாக 2021 நவம்பரில் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் உறுதி கொடுத்தன. இந்தியா சேரவில்லை. நம் மீத்தேன் பெரும்பாலும் மாட்டிலும் நெல்லிலும் வருவது, அது சிறு விவசாயியின் பிழைப்பு என்பது டெல்லியின் வாதம். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.

ஆனால் மன்னார்குடி வட்டாரத்தில் நிலத்தடி நிலக்கரியிலிருந்து மீத்தேன் எடுக்க 2010-ல் ஒப்பந்தம் போட்டதும் டெல்லிதான். இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய் எதிர்த்தது அதைத்தான். இன்னொன்றும் உண்டு. 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் முகவுரையே 1972-ல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டைச் சொல்லித்தான் தொடங்குகிறது. அந்தச் சட்டத்தின் கீழ் வந்த விதியைத் திருத்தி, நிலப்பகுதியில் எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறு தோண்ட மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று 2020 ஜனவரியில் அறிவித்தார்கள். (அடுத்த மாதமே தமிழ்நாடு, டெல்டாவில் புதுக் கிணறுகளைத் தடுக்கும் வேளாண் மண்டலச் சட்டம் கொண்டுவந்தது, பழைய கிணறுகளைத் தொடாமல்.) வெளியே இருந்து வரும் நெருக்கடியில் எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்பதை உள்ளூர்க் கணக்குதான் தீர்மானிக்கிறது.

சரி, வயலுக்கு வருவோம். அதிகாரி சொன்னதை வெள்ளைக்காரன் கணக்கில் எழுதாதீர்கள். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் பக்கம் சொல்வதுதானே அது? தண்ணீர் கட்டிய சேற்றில் காற்றுப் புகாது, அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்கும். இடையிடையே காயவிட்டால் அது நன்றாகக் குறையும், தண்ணீரும் மிச்சம். துளை போட்ட குழாயை வயலில் இறக்கி, தண்ணீர் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் போனதும் பாய்ச்சச் சொல்கிறார்கள். பூக்கும் சமயத்தில் மட்டும் காயக்கூடாது.

பம்புசெட் வைத்திருப்பவருக்கு இதெல்லாம் சரி, நினைத்தபோது மோட்டாரைப் போடுவார். முறை வைத்து விடும் ஆற்றுத் தண்ணீரை நம்பியிருக்கும் உங்களுக்கு? அடுத்த முறை என்றைக்கு என்று தெரியாதவர் வந்த தண்ணீரைக் கட்டத்தான் செய்வார். என் அப்பாவும் ராத்திரி மண்வெட்டியோடு மடையில் படுத்துக் கிடந்தவர்தான்.

அதனால் அடுத்த கூட்டத்தில் அவரிடம் ஒன்று கேளுங்கள். நான் காயப்போடத் தயார், எட்டாம் நாள் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வரும் என்று எழுதித் தருவீர்களா?