புரியாமல் கீழ்ப்படியலாமா?

அன்புள்ள சகோதரரே, நிலையான வங்கி வேலையை விட்டு மலைக்கிராமப் பள்ளிக்குப் போகும்படி ஜெபத்தில் ஏவப்படுவதாகவும், மனைவி தயங்குவதாகவும், கேள்வி எழுவதே அவிசுவாசமோ என அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

வேதாகமத்தில் எரேமியா 32-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருக்க, காவல் முற்றத்தில் அடைபட்டிருந்த எரேமியா தீர்க்கதரிசியிடம், எதிரியின் கைக்குப் போகவிருந்த ஆனதோத் நிலத்தை வாங்கும்படி கர்த்தர் சொன்னார். கர்த்தர் முன்னமே சொன்னபடி, எரேமியாவின் பெரிய தகப்பன் மகன் அனாமெயேல் அந்த நிலத்தை விற்க நேரில் வந்து நின்ற பிறகுதான், அது கர்த்தருடைய வார்த்தை என்று அவர் அறிந்துகொண்டதாக எழுதியிருக்கிறார். இந்த வரியைப் பலரும் கவனிப்பதில்லை. பின்பு 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளின் கையொப்பத்தோடு பத்திரம் எழுதி, அதை மண்பாண்டத்தில் வைக்கும்படி தம் எழுத்தராகிய பாருக்கிடம் ஒப்படைத்தார். இத்தனையும் செய்து முடித்த பிறகும், நகரம் கல்தேயர் (பாபிலோனியர்) கைக்குப் போகும்போது நிலம் வாங்கச் சொன்னீரே என்று தேவனிடமே முறையிட்டார். அந்த முறையீட்டுக்காக அவர் கடிந்துகொள்ளப்படவில்லை, பதில்தான் கிடைத்தது.

ஆகவே உங்கள் கேள்விகளை ஜெபத்தில் வெளிப்படையாகக் கேளுங்கள். அந்தப் பள்ளி உங்களை உண்மையில் அழைக்கிறதா என்று விசாரித்து, சம்பளத்தையும் தங்குமிடத்தையும் எழுத்தில் பெற்று, வீட்டுக் கடனைக் குறித்து மனைவியோடு மனம் திறந்து பேசிய பிறகு ராஜினாமாக் கடிதம் கொடுங்கள்.