கடைசல் உளி வாங்குமுன் சாணையைப் பாருங்கள்

கைவேலை: வாசகர் கேள்வியும் பதிலும்

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு, மேசைமேல் வைக்கும் சிறிய மரக்கடைசல் இயந்திரம் ஒன்று வாங்கியிருக்கிறேன். எட்டு உளிகள் கொண்ட பெட்டி இணையத்தில் 90 வெள்ளிக்குக் கிடைக்கிறது. நல்ல ‘பௌல் கவுஜ்’ (கிண்ணம் குடையும் குழியுளி) ஒன்றே அந்த விலையைத் தாண்டிவிடுகிறது. எதை வாங்குவது? ஒரே அளவு குறித்த உளி ஒரு கடையில் தடிமனாகவும் மற்றொன்றில் மெலிந்தும் இருப்பது ஏன்?
— வாசகர், ஈசூன்

பதில்: ஐயா, பெட்டி வேண்டாம். எட்டில் மூன்றைத்தான் கையில் எடுப்பீர்கள். மற்ற ஐந்தும் நம் ஊர் ஈரக்காற்றில் கிடந்து துருவேறும். ‘எச்எஸ்எஸ்’ எனப்படும் அதிவேக எஃகில் செய்த ஒரு பௌல் கவுஜ், ஒரு ஸ்பிண்டில் கவுஜ், கடைந்ததை வெட்டிப் பிரிக்கும் ஒரு பார்ட்டிங் உளி ஆகியவற்றோடு தொடங்குங்கள். பௌல் கவுஜின் குழி ஆழமானது. அது கிண்ணம் குடைய. ஸ்பிண்டில் கவுஜின் குழி மேலோட்டமானது. அது மேசைக்கால், பம்பரம் போன்ற நீளவாட்டு வேலைகளுக்கு. சாதாரணக் கார்பன் எஃகு, சாணையில் நீலம் பாரித்த கணமே பதம் இழந்துவிடும். எச்எஸ்எஸ் நீலமானாலும் பதம் கெடாது. அதைச் சூட்டோடு தண்ணீரில் முக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழக்கூடும்.

அளவுக் குழப்பத்திற்குக் காரணம், அமெரிக்கர்கள் பௌல் கவுஜின் தண்டு விட்டத்தைச் சொல்வதும், பிரிட்டிஷ் தயாரிப்பாளர்கள் குழியின் அகலத்தைச் சொல்வதுமே. பிரிட்டனின் 3/8 அங்குல உளியும் அமெரிக்காவின் 1/2 அங்குல உளியும் பெரும்பாலும் ஒரே தடிமன்தான். இது தெரியாத காலத்தில் நான் பிரிட்டிஷ் கடை ஒன்றில் அரை அங்குல உளிக்குப் பணம் கட்டிவிட்டு, அது வந்து சேரும் முன்பே பிடியைக் கடைந்து 13 மில்லிமீட்டர் துளையும் போட்டு வைத்திருந்தேன். வந்த உளியின் தண்டு 16 மில்லிமீட்டர். அந்தப் பிடி இன்று என் வீட்டில் சப்பாத்திக் கட்டையாக இருக்கிறது. விவரக் குறிப்பில் தண்டின் விட்டம் மில்லிமீட்டரில் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். உங்கள் இயந்திரத்திற்கு 13 மில்லிமீட்டர் தண்டு போதும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 9 விழுக்காடு ஜிஎஸ்டியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் வீவக வீட்டில் வசிக்கிறேன். சத்தமும் தீப்பொறியும் இல்லாமல் உளிகளைத் தீட்ட எந்தச் சாணை ஏற்றது? அமெரிக்காவில் இருக்கும் மகன் அங்கிருந்து ஒன்று வாங்கி வருவதாகச் சொல்கிறான்.
— வாசகி, தெம்பனிஸ்

பதில்: அம்மா, மகனைச் சாணைப் பொறியைச் சுமந்து வரச் சொல்லாதீர்கள். அங்குள்ள மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நமது மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மின்மாற்றி வைத்தாலும் அந்த மோட்டார் அங்கு ஓடிய வேகத்தில் இங்கு ஓடாது.

கடைசல் வேலையில் தேர்ச்சி பாதிக்குமேல் சாணையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஆகவே உளிக்குச் செலவிடுவதைப் போல இரண்டு மடங்கு இதற்கு ஒதுக்கினாலும் தவறில்லை. வழிகள் இரண்டு. ஒன்று, 200 மில்லிமீட்டர் சக்கரமும் நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,400 சுற்றும் கொண்ட மெதுவேகச் சாணை. அதனுடன் வரும் சாம்பல்நிறக் கல்லைக் கழற்றிவிட்டு, வெள்ளை அலுமினியம் ஆக்சைடு கல்லையோ, செலவழிக்க மனம் இருந்தால் சிபிஎன் (க்யூபிக் போரான் நைட்ரைடு என்ற மிகக் கடினமான துகள் பூசிய) சக்கரத்தையோ பொருத்தலாம். சிபிஎன் சக்கரம் தேய்ந்து சிறுக்காது என்பதால் ஒருமுறை அமைத்த கோணம் மாறாது. ஆனால் அது எச்எஸ்எஸ் உளிக்கானது, அதில் மெல்லிரும்பைத் தேய்த்தால் அடைத்துக்கொள்ளும். மற்றொன்று, தண்ணீரில் சுழலும் ஈரச்சாணை. சுவீடனின் டோர்மெக் டி-8 நிமிடத்திற்கு 90 சுற்றுதான் சுற்றும். பொறி பறக்காது, தூசி எழாது, பக்கத்து வீட்டார் கதவைத் தட்ட மாட்டார்கள். உளியின் வடிவத்தையே மாற்ற வேண்டுமென்றால் மட்டும் நெடுநேரம் பிடிக்கும். கழக வீட்டில் இருக்கும் உங்களுக்கு இதுவே பொருந்தும்.

எதை வாங்கினாலும், உளியை ஒரே கோணத்தில் பிடித்துக் கொடுக்கும் தாங்கியையும் சேர்த்து வாங்குங்கள். கோணம் சரிதானா என்று அறிய, உளியின் சாய்முகம் முழுவதும் மார்க்கர் பேனாவால் கறுப்புப் பூசி, சாணையை ஓட்டாமல் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். மை நுனியில் மட்டும் அழிந்தால் கோணம் அதிகம். அடியில் மட்டும் அழிந்தால் குறைவு. மேலிருந்து கீழ்வரை அழிந்தால் ஓட்டலாம். பௌல் கவுஜுக்கு 50 பாகை அளவில் தொடங்குங்கள். தீட்டியபின் உளியின் வாயை விளக்கின்கீழ் பிடித்துப் பாருங்கள்: மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும், கூரான இடத்தில் ஒளியே தங்காது. தேக்கில் சிலிக்கா இருப்பதால், பழைய தேக்கு நாற்காலிக் காலைக் கடையும்போது சில நிமிடங்களிலேயே அந்தக் கோடு தோன்றிவிடும்.

கேள்வி: பிடி இல்லாத உளி விலை குறைவாக இருக்கிறது. பிடியை நானே செய்துகொள்ளலாமா?
— வாசகர், அங் மோ கியோ

பதில்: தாராளமாக. நேரான இழையோட்டம் உள்ள, நன்றாக உலர்ந்த கட்டையாகத் தேர்ந்தெடுங்கள். நம் சாலையோரத்து அங்சானா, தமிழகத்து வேங்கையின் நெருங்கிய உறவு. பார்வைக்கு அழகுதான், ஆனால் அதன் இழை பின்னிப் பிணைந்து ஓடுவதால் முதல் பிடிக்கு நான் அதை எடுக்க மாட்டேன். துளையை முதலில் போட்டுவிட்டு, அந்தத் துளையையே மையமாக வைத்துக் கட்டையைக் கடையுங்கள். கடைந்தபின் துளைத்தால் உளி கோணலாக நிற்கும். பிடியின் வாய் பிளக்காமல் மாட்டும் உலோக வளையமான பூணுக்குத் தண்ணீர்க் குழாய் செப்பில் ஒரு துண்டு போதும். ஜாலான் புசார் வன்பொருள் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பூண் உட்காரும் இடத்தை இம்மியளவு பெரிதாகவே விட்டு, தட்டி இறக்குங்கள். குளிர்சாதன அறையில் மரம் சுருங்கிப் பூண் தளர்ந்தால் எப்பாக்சி பசை கைகொடுக்கும். பௌல் கவுஜுக்கு 40 சென்டிமீட்டர் பிடி வசதி. ஆனால் மேசை இயந்திரத்தில் நீளமான பிடி விலாவில் இடிக்கும் என்பதால் உங்கள் உடல்வாகு பார்த்துக் குறைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: என்னிடம் பெரிய ‘ரஃபிங் கவுஜ்’ இருக்கிறது. அதனாலேயே கிண்ணம் கடையலாமா?
— வாசகர், ஜூரோங்

பதில்: கூடாது. அந்த உளியின் அகன்ற உடல், பிடிக்குள் நுழையும் இடத்தில் மெல்லிய வாலாகச் சுருங்குகிறது. கிண்ணத்தில் ஒரு சுற்றுக்கு இருமுறை மரத்தின் குறுக்குவெட்டு முகம் உளியை எதிர்கொள்கிறது. வாய் அங்கே கவ்விக்கொண்டால் வால் ஒடிந்து உளி முகத்தை நோக்கிப் பாயும். சதுரக் கட்டையை நீளவாட்டில் உருட்டுவதற்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் முகக்கவசம் அணிந்திருங்கள்.