வாசகர் கேள்வி – பதில்: மீட்புக் குழுவுக்கு ஒரு முகம்

கேள்வி: நங்கநல்லூரைச் சுற்றி அடிபட்டுக் கிடக்கும் தெரு நாய்களையும் பூனைகளையும் மீட்டுச் சிகிச்சை அளிக்கும் சிறு குழுவை நடத்தி வருகிறோம். பாதத் தடத்துக்குள் சிவப்புச் சிலுவை இருப்பதுதான் எங்கள் லோகோ. இன்ஸ்டாகிராமில் நாள்தோறும் காயம்பட்ட விலங்குகளின் படங்களைப் பதிவிடுகிறோம். ஆனால் பார்ப்பவர்களும் குறைகிறார்கள், நன்கொடையும் குறைகிறது. எல்லாவற்றையும் புதிதாக வடிவமைக்க எண்ணுகிறோம். எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகி, நங்கநல்லூர்

பதில்: முதல் வேலையாக அந்தச் சிவப்புச் சிலுவையை எடுத்துவிடுங்கள். இதை ரசனை கருதிச் சொல்லவில்லை. வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவை என்பது ஜெனீவா உடன்படிக்கைகள் காக்கும் சின்னம். நம் நாட்டில் 1960ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டப்படி, மத்திய அரசின் அனுமதியின்றி அதைப் பயன்படுத்தக் கூடாது. மருந்துக் கடைப் பலகைகளில் பார்த்துப் பழகிவிட்டதால் அது எல்லோருக்கும் பொதுவான குறி என்று பலரும் நம்பிவிடுகிறார்கள்.

பாதத் தடத்தால் சட்டச் சிக்கல் இல்லை. ஆனால் தீவனக் கடை, நாய்களைக் குளிப்பாட்டும் நிலையம், செல்லப்பிராணி மருத்துவமனை என எல்லோரிடமும் அதுவே இருக்கும்போது, உங்களை அது எப்படித் தனித்துக் காட்டும்?

கருத்தடை முடிந்த தெரு நாய் ஒன்றை அருகில் சென்று பாருங்கள். கருத்தடை முடிந்ததற்கு அடையாளமாக மருத்துவர் இட்ட சிறு வெட்டு அதன் ஒரு காதில் இருக்கும். சண்டையில் கிழிந்த காது தாறுமாறாக இருக்கும். இந்த வெட்டின் விளிம்போ கத்தரித்த காகிதத்தைப் போலச் சீராக இருக்கும். தெரு நாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடையை ப்ளூ கிராஸ் அமைப்பு 1964இலேயே முன்னெடுத்த நகரம் இது. இருந்தும், யாரோ இரக்கமில்லாமல் காதை அறுத்துவிட்டார்கள் என்று அந்த வெட்டைப் பார்த்துக் கண்கலங்கியவர்களை நான் சந்தித்திருக்கிறேன். ஒரு காதில் வெட்டுள்ள நாட்டு நாயின் தலையை நாலைந்து கோடுகளில் வரைந்து, அதையே உங்கள் இலச்சினையாக வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஏன் இந்த வெட்டு என்று கேட்கும் ஒவ்வொருவருக்கும் உங்கள் பணியைச் சொல்ல அது வாய்ப்பளிக்கும். வரைந்ததும் புளியங்கொட்டை அளவுக்குச் சுருக்கி, வட்டத்துக்குள் வைத்துப் பாருங்கள். இன்ஸ்டாகிராமில் பெரும்பாலும் அந்த அளவில்தான் அது தெரியும். கறுப்பு மை மட்டும் கொண்டு ரசீதில் அச்சிட்டாலும் காதின் வெட்டு மறையாமல் இருக்க வேண்டும்.

குழுவின் பெயரைத் தமிழில் பெரிதாக எழுதுங்கள். பலூ தம்பி, முக்த மலர், கேட்டமரன் ஆகிய எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆங்கிலத்துக்கென அமைத்த வரி இடைவெளியில் தமிழை அப்படியே ஒட்டினால், மேல்வரியில் உள்ள ‘கு’, ‘டு’ ஆகியவற்றின் வால்கள் கீழ்வரியில் உள்ள ‘கி’, ‘தீ’ ஆகியவற்றின் கொக்கிகளில் இடிக்கும். ஆகவே இடைவெளியைச் சற்றுக் கூட்டுங்கள்.

இனி, சமூக ஊடகப் பக்கம். என் பார்வையில் லோகோவைவிட இதுவே முக்கியம். இரவு பத்து மணிக்கு ஜி.எஸ்.டி. சாலையோரம், அடிபட்ட நாயின் அருகில் பதறி நிற்கும் ஒருவர் ஒற்றைக் கையால் உங்கள் பக்கத்தைத் திறக்கிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். எந்தெந்தப் பகுதிகளுக்கு வருவீர்கள், எத்தனை மணி வரை வருவீர்கள், எந்த வாட்ஸ்அப் எண்ணுக்கு இடத்தையும் படத்தையும் அனுப்ப வேண்டும் என்பவை அவர் கண்ணில் உடனே பட வேண்டும். வலியில் இருக்கும் நாய் கடிக்கக்கூடும் என்பதால் வெறுங்கையால் தூக்காமல் தடித்த துணியிலோ சாக்கிலோ ஏந்த வேண்டும் என்பது போன்ற குறிப்புகளை ஸ்டோரியில் போட்டால் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அவற்றை ஹைலைட்ஸில் நிரந்தரமாக வையுங்கள். காப்பகத்தின் முழு முகவரியை மட்டும் வெளியிடாதீர்கள். விடிந்ததும் வாசலில் அட்டைப் பெட்டியில் குட்டிகள் கிடக்கும்.

படங்களுக்கு வருகிறேன். துயரத்தை மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் திறந்த புண்ணைத் தினமும் காட்டினால், இரக்கமுள்ளவர்கள்தாம் முதலில் பார்வையைத் திருப்பிக்கொள்வார்கள். அத்தகைய படங்களை இன்ஸ்டாகிராமே எச்சரிக்கைத் திரையிட்டு மூடவும் கூடும். கட்டுப் போட்ட காலையும், அதைப் பிடித்திருக்கும் உங்கள் தொண்டரின் கையையும் காட்டினால் போதும். அதைவிடப் பெரிய குறை, தொடர்ச்சி இல்லாமைதான். ஐந்நூறு ரூபாய் அனுப்பியவர் அந்த நாய் பிழைத்ததா என்று அறியாமலே இருந்தால், அடுத்த முறை ஏன் அனுப்புவார்? ஒரே நாயின் முதல் நாள், பத்தாம் நாள், நாற்பதாம் நாள் படங்களைச் சிகிச்சைச் செலவுக் கணக்கோடு வெளியிடுங்கள். இறந்துவிட்டால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். நாளுக்கு ஒரு புதுப் பதிவு தேவையில்லை. வாரத்துக்கு மூன்று போதும், ஆனால் தொடங்கிய ஒவ்வொரு கதையும் முடிவு வரை செல்ல வேண்டும்.

கேள்வி: எங்களிடம் உள்ள கறுப்பு நாய்களின் படங்கள் தெளிவாக வருவதில்லை, யாரும் தத்தெடுக்கக் கேட்பதும் இல்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: வெள்ளைச் சுவரின் முன் நிறுத்தி எடுக்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். சுவரின் வெளிச்சத்துக்கு ஏற்பக் கைப்பேசிக் கேமரா ஒளியைக் குறைத்துக்கொள்வதால், நாய் வெறும் நிழலாகிவிடுகிறது. காலை வேளையில் தாழ்வாரத்தின் விளிம்பில், முகம் வெளிவானத்தைப் பார்க்குமாறு அதை அமர்த்துங்கள். பின்னால் செடியோ மரக்கதவோ இருக்கட்டும். தரையில் அமர்ந்து, கேமராவை அதன் கண்மட்டத்தில் பிடித்து, திரையில் அதன் முகத்தைத் தொட்டு ஒளியைச் சற்றுக் கூட்டுங்கள். இரு கண்களிலும் வானம் ஒரு வெண்புள்ளியாகத் தெரியும் நொடி வரை பொறுத்திருந்து எடுங்கள்.