அப்பா மறுக்கவில்லை: கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

கல்லூரிக் காலத்திலிருந்து உங்களை வாசிக்கிறேன். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். பதினேழு வயதில் விடுதிக்குப் போய்ப் பொறியியல் படித்தேன். முதலில் தொடங்கியது, மண்ணின் ஈரத்தை அளந்து போனுக்குச் செய்தி அனுப்பும் சென்சார் நிறுவனம். இரண்டு வருடத்தில் மூடினோம். அடுத்தது, இடைத்தரகர் இல்லாமல் விவசாயியையும் வாங்குபவரையும் இணைக்கும் ஆப். அதுவும் நிற்கவில்லை. மூன்றாவது, சரக்கு வண்டிகளுக்கான மென்பொருள். அது நன்றாகப் போய், ஒரு பெரிய நிறுவனம் வாங்கிக்கொண்டது. இப்போது கையில் கொஞ்சம் பணமும் நேரமும் இருக்கின்றன. இலையைப் போனில் படம் பிடித்தால் நோயின் பெயரைச் சொல்லும் ஏஐ நிறுவனம் தொடங்க நண்பர்கள் கூப்பிடுகிறார்கள்.

இப்படித் தாவித் தாவி வந்த வாழ்க்கைக்கு ஒரு தொடர்ச்சி இருக்கிறதா? நான் விவசாயத்துக்குத் திரும்ப வேண்டுமா, தொழில்நுட்பத்திலேயே இருந்துவிடலாமா? விவசாயி மகன் என்ற முறையில் எனக்கு ஒரு கடமை இருப்பதாக நினைக்கிறேன். ஆனால் என் முதல் நிறுவனத்தின் சென்சாரை எங்கள் வயலில் வைக்க என் அப்பாவே மறுத்துவிட்டார். "கடைசிப் பாத்தியில ஒண்ணு நட்டு வை, இந்தப் போகம் போகட்டும், அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார். அந்த வலி இன்னும் போகவில்லை.

அன்புடன்,
ச.

(நீண்ட கடிதம். சுருக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள ச.,

உங்கள் கடிதம் வந்தபோது அமெரிக்க மக்காச்சோளத்தைப் பற்றி ஏதோ படித்துக்கொண்டிருந்தேன். இல்லாவிட்டால் 'நல்லா பண்ணுங்க' என்று இரண்டு வரியில் முடித்திருப்பேன். மக்காச்சோளத்துக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் சில்லறை விஷயங்கள். தாவியதில் ஒரு குற்றமும் இல்லை. வாழ்க்கைக்குத் தொடர்ச்சி வேண்டும் என்பது சுயவிவரக் குறிப்பு எழுதுகிறவர்களின் கவலை. நண்பர்களோடு பங்கு பிரிப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள், அதை ஒரு வக்கீலிடம் கேளுங்கள். கடமையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். முதலாளியின் கடமையுணர்ச்சிக்காக நடக்கும் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்கள் பாவம்.

இந்த 'விவசாயி மகன்' விஷயத்தைக் கொஞ்சம் பேச வேண்டும். கடிதம் முழுக்க அதைத் தூவியிருக்கிறீர்கள். முதலீட்டாளர்கள் முன்னால் போடும் முதல் ஸ்லைடிலும் அது இருந்திருக்கும், வயல் நடுவே நீங்கள் நிற்கிற ஒரு படத்தோடு. பதினேழு வயதில் கிளம்பியவருக்குத் தெரிந்தது ஒரு பையனின் விவசாயம். மடை திருப்பியிருப்பீர்கள், மாடு பிடித்துக் கட்டியிருப்பீர்கள். எவ்வளவு கடன் வாங்குவது, எந்த விதையை நம்புவது, மழை தள்ளிப்போனால் எதை விட்டுக்கொடுப்பது என்ற முடிவுகளை ஒருநாளும் நீங்கள் எடுக்கவில்லை. எடுத்தவர் அப்பா. அவருடைய அனுபவத்தை உங்கள் தகுதியாகக் காட்டிக்கொண்டு, அவர் ஒரு கருத்துச் சொன்னதும் வலிக்கிறது என்கிறீர்கள்.

பண்ணையில் பிறந்த தொழிலதிபர் கதைகளிலெல்லாம் இந்தக் கோளாறு உண்டு. சைரஸ் மெக்கார்மிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1809-ல் வர்ஜீனியாவில் ஒரு பண்ணையில் பிறந்தார், 1831-ல் கோதுமை அறுக்கும் இயந்திரத்தை வயலில் ஓட்டிக் காட்டினார், 1834-ல் காப்புரிமை வாங்கினார். கதை அப்படித்தான் சொல்லப்படும். அவருடைய அப்பா ராபர்ட் பல வருடம் அதே மாதிரி ஓர் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிவிட்டுக் கைவிட்டவர். பட்டறையில் கூட நின்று வேலை செய்தவர் ஜோ ஆண்டர்சன், அந்தக் குடும்பத்தின் அடிமையாக இருந்த கறுப்பினத்தவர். பண்ணையில் பிறந்த மேதையின் கதைக்குள் இவர்களை நுழைக்க வெகுகாலம் யாருக்கும் தோன்றவில்லை.

மெக்கார்மிக்கும் உங்களைப் போலத் தாவியவர்தான். காப்புரிமை வாங்கிய கையோடு இரும்பு உருக்கும் தொழிலில் இறங்கினார். 1837 நிதி நெருக்கடிக்குப் பிறகு அது படுத்து, குடும்பமே கடனில் மாட்டியது. அதன்பிறகுதான் மறுபடி அறுவடை இயந்திரம். 1840-ல் ஒன்றிரண்டு விற்றார். 1841-ல் ஒன்றுகூட இல்லை. 1842-ல் ஏழு, அடுத்த வருடம் 29, அதற்கடுத்து 50. ஈரக் கதிரை அது சரியாக அறுக்கவில்லை, அதைத் திருத்த வேண்டியிருந்தது. திருத்தியது சரியா என்று எப்போது தெரியும்? அடுத்த கோடையில். பழுத்த கோதுமையை இரண்டு வாரத்துக்குள் அறுத்தாக வேண்டும், விட்டால் மணி உதிரும். ஆக, வருடத்தில் சோதனைக்குக் கிடைப்பது அந்த இரண்டு வாரம். மற்ற நாளெல்லாம் பட்டறையில் உட்கார்ந்து யூகம்தான்.

இப்போது உங்கள் அப்பா சொன்னதை மறுபடி படியுங்கள். அவர் எங்கே மறுத்தார்? கடைசிப் பாத்தியில் ஒன்று நட்டு வை என்றார். இடம் கொடுத்திருக்கிறார், ஒரு போகத்தைக் கொடுத்திருக்கிறார், அடுத்த வருடம் மறுபடி பேசலாம் என்று தேதியும் கொடுத்திருக்கிறார். எந்த முதலீட்டாளர் உங்களிடம் இவ்வளவு தெளிவாகப் பேசினார்? உங்களுக்கு மூன்று மாதத்தில் டெமோ இருந்திருக்கும், அதனால் அது மறுப்பாகக் காதில் விழுந்திருக்கிறது.

மக்காச்சோளம் இங்கேதான் வருகிறது. பிரைஸ் ரயன், நீல் கிராஸ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் ஐயோவா மாநிலத்தின் இரண்டு ஊர்ப்பகுதிகளில் 259 விவசாயிகளைச் சந்தித்து, கலப்பின மக்காச்சோள விதையை எப்போது கேள்விப்பட்டீர்கள், எப்போது விதைத்தீர்கள், யார் சொல்லி விதைத்தீர்கள் என்று விசாரித்தார்கள். ஆய்வு 1943-ல் வெளிவந்தது. அந்த விதையின் நன்மையில் சந்தேகமே கிடையாது. மகசூல் சுமார் 20 சதவீதம் கூடுதல், வறட்சியைத் தாங்கும், சாயாமல் நிற்கும். அங்கே 1928 வாக்கில் வந்தது. 1941-ல் அந்த 259 பேரில் இருவரைத் தவிர எல்லோரும் அதற்கு மாறியிருந்தார்கள். அமோக வெற்றி. ஆனால் கேள்விப்பட்டதிலிருந்து ஏற்றுக்கொள்ளும் வரை ஒருவருக்குச் சராசரியாக ஆனது சுமார் 9 வருடம்! கேள்விப்பட்டது பெரும்பாலும் விதை விற்பனையாளர் மூலம். நம்பியது பக்கத்து வயல்காரரைப் பார்த்து. நம்பியவர்களும் முதல் வருடம் நிலம் முழுக்கப் போடவில்லை, ஒரு மூலையில் கொஞ்சம் போட்டுப் பார்த்தார்கள். உங்கள் அப்பா ஐயோவாவைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். அவர் சொன்ன கடைசிப் பாத்தியில்தான் அவர்களும் ஆரம்பித்தார்கள்.

இதைப் பிற்போக்கு என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், எரிச்சலாக வரும். ஒரு விவசாயிக்கு முழுப் பொறுப்போடு கிடைப்பது ஏறக்குறைய நாற்பது விளைச்சல். அதில் ஒன்றை முழுதாக உங்கள் சென்சாருக்குக் கொடு என்றால், வாழ்நாளில் நாற்பதில் ஒரு பங்கைக் கேட்கிறீர்கள் என்று அர்த்தம். நீங்கள் வாரம் இரண்டு முறை செயலியைப் புதுப்பித்தவர், உங்களுக்கு அந்தக் கணக்கே இல்லை.

இன்னொன்று உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. எங்கள் வீட்டில் புது ரக விதை வந்தால் அம்மா அதைப் பாதையோரத்தில் போட விடவே மாட்டாள். உள்ளே, ஆள் நடமாட்டமில்லாத மூலையில்தான். நீர், மண் என்று ஏதோ விவசாயக் காரணம் இருக்கும் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கேட்டபோது சாதாரணமாகச் சொன்னாள்: "வரலைன்னா நாலு மாசம் எல்லாரும் பாத்துக்கிட்டே போவாங்க." உங்கள் ஆப் தோற்றால் ஒரு சர்வரை அணைத்துவிட்டு, கற்றுக்கொண்டது என்ன என்று ஒரு பதிவு போடலாம். அதற்கும் நாலு பேர் கைதட்டுவார்கள். வயலில் தோற்றது அறுவடை வரை அங்கேயே நிற்கும், உறவுக்காரன் பார்ப்பான், கடன் கொடுத்தவன் பார்ப்பான். கடைசிப் பாத்தி என்பதில் இந்த மானமும் சேர்ந்திருக்கிறது. அதோடு, உங்கள் தோல்வியும் கண்ணில் படாத இடத்தில் இருக்கட்டும் என்று அவர் நினைத்திருக்கலாம். அதை யோசித்தீர்களா?

சரி, வயல் வருடத்துக்கு ஒருமுறைதான் பதில் சொல்லும் என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதானா? இல்லை. இதைத் தாண்டியவர்கள் காலண்டரில் கை வைத்தவர்கள். நார்மன் போர்லாக் ஐயோவாவில் பண்ணையில் வளர்ந்தவர். தொழிலதிபர் இல்லை, பயிர் விஞ்ஞானி, ஆனாலும் உங்கள் ஆட்கள் எல்லோரும் அவரிடம் படிக்க வேண்டும். 1944-ல் மெக்சிகோவுக்குப் போனார். துருநோயைத் தாங்கும் கோதுமை ரகம் வேண்டும், வருடத்துக்கு ஒரு தலைமுறை என்று போனால் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகும். அவர் குளிர்காலத்தில் வடக்கே சொனோராவின் தாழ்நிலத்தில் விதைத்தார், அறுத்த விதையை எடுத்துக்கொண்டு தெற்கே டொலூக்காவுக்குப் போனார், அது கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,600 மீட்டர், கோடையில் அங்கே மறுபடி விதைத்தார். விதைக்கு ஓய்வு வேண்டும் என்று அப்போது நம்பப்பட்டது. மேலதிகாரி ஒத்துக்கொள்ளவில்லை, போர்லாக் வேலையை விடுகிறேன் என்று நின்று சாதித்தார். வருடத்துக்கு இரண்டு தலைமுறை கிடைத்தது. கூடவே யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. இரண்டு விதமான பகல் நீளத்திலும் தாக்குப்பிடித்த செடிகளே மிஞ்சின, அதனால் அந்த ரகங்கள் உலகில் எங்கெங்கோ விளைந்தன.

உங்கள் உலகத்திலிருந்தே ஓர் உதாரணம். புளூ ரிவர் டெக்னாலஜி, கலிஃபோர்னியாவில் 2011-ல் தொடங்கிய நிறுவனம். கேமராவில் செடியைப் பார்த்து அது எது என்று அடையாளம் காணும் இயந்திரம் செய்தார்கள். 2017-ல் டிராக்டர் நிறுவனமான ஜான் டீர் 30.5 கோடி டாலருக்கு வாங்கியது. எல்லோரும் ஏஐ, ஏஐ என்று பேசினார்கள். நான் கவனித்தது வேறு, அவர்கள் தொடங்கிய பயிர் லெட்டூஸ் கீரை. நெருக்கமாக விதைத்துவிட்டு, முளைத்த பிறகு வேண்டாததைக் களைந்து இடைவெளி விடுகிற வேலை. சலினாஸ் பள்ளத்தாக்கில் அதை வசந்தத்திலிருந்து இலையுதிர்காலம் வரை வாரா வாரம் விதைத்துக்கொண்டே இருப்பார்கள், குளிர்காலத்தில் சாகுபடி அரிசோனாவின் யூமாவுக்கு நகரும். இந்த வாரம் தப்பாகப் பிடுங்கினால் அடுத்த வாரம் இன்னொரு வயல் தயாராக இருக்கும். மெக்கார்மிக்குக்கு ஒரு வருடம் காத்திருந்து கிடைத்தது இவர்களுக்கு ஏழு நாளில் கிடைத்தது. அவர்கள் இதைத் திட்டமிட்டே செய்தார்களா, அமைந்ததா என்பது முக்கியமில்லை. கோதுமையில் தொடங்கியிருந்தால் பணம் தீர்ந்திருக்கும் என்பது என் கணிப்பு.

முதலீட்டு நிதியின் ஆயுள் வழக்கமாகப் பத்து வருடம். அதில் உங்களுக்கு நாலைந்து வருடம் கிடைத்தால் பெரிது. ஒருபோகப் பயிரென்றால் நாலைந்து கேள்விதான் கேட்க முடியும். சென்சார் நிறுவனம் இரண்டு வருடத்தில் மூடியது என்கிறீர்கள். இரண்டு கேள்வி. அதில் ஒன்றுக்காவது பதில் வருவதற்குள் மூடிவிட்டீர்கள். சரக்கு வண்டி மென்பொருள் ஜெயித்ததில் எனக்கு ஆச்சரியமில்லை, வண்டி தினமும் ஓடுகிறது.

அந்த ஆப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இடைத்தரகரை ஒழிக்கிறேன் என்று கிளம்புகிறவர்கள், அவர் முன்பணம் கொடுக்கிறார், தரம் பிரிக்கிறார், விற்காததையும் எடுத்துக்கொள்கிறார் என்பதை மறந்துவிடுகிறார்கள். அந்த வேலைகளை யார் செய்வது என்று முடிவு செய்யாமல் ஆளை மட்டும் தூக்கினால் அப்படித்தான் ஆகும்.

இலைப் படம் விஷயத்திலும் இதே காலண்டர் குறுக்கே நிற்கும். 2016-ல் பிளான்ட்வில்லேஜ் என்ற இலைப் படத் தொகுப்பை வைத்து ஒரு ஆய்வு வந்தது. 14 வகைப் பயிர், 26 நோய், 54,306 படம். அந்தத் தொகுப்பிலிருந்தே ஒதுக்கி வைத்த படங்களில் கணினி 99.35 சதவீதம் சரியாகச் சொன்னது. அந்த எண்ணை நண்பர்கள் உங்களுக்குக் காட்டியிருப்பார்கள். வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது அது சுமார் 31 சதவீதமாக விழுந்தது என்பதும் அதே கட்டுரையில் இருக்கிறது. தொகுப்பில் இருந்தவை இலையைப் பறித்து, ஒரே நிறப் பின்னணியில் வைத்து எடுத்த படங்கள். வயலில் இலைமேல் இலை கிடக்கும், மண் தெறித்திருக்கும், பாதி நிழலாக இருக்கும். அப்படிப்பட்ட படம் வேண்டுமென்றால் நோய் வந்த வயலுக்குப் போக வேண்டும். சில நோய்கள் ஈரமான வருடத்தில்தான் வரும். உங்கள் பணம் இருக்கும் வருடத்தில் அது வராமலும் போகலாம்.

அதனால் விவசாயமா, தொழில்நுட்பமா என்ற உங்கள் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வருடத்துக்கு எத்தனை முறை விதைக்கிற பயிர் என்று தெரிந்தால்தான் ஏதாவது சொல்லலாம். சென்சார் எந்தப் பயிருக்கு, ஆப்பில் என்ன விற்றீர்கள், எந்த இலையைப் படம் பிடிக்கப் போகிறீர்கள், அப்பா இப்போது என்ன போட்டிருக்கிறார்? இவ்வளவு நீளக் கடிதத்தில் மூன்று நிறுவனங்களின் பெயர் இருக்கிறது, முதலீட்டாளர்கள் பெயர் இருக்கிறது, ஒரு பயிரின் பெயர்கூட இல்லை. அதை எழுதி அனுப்புங்கள்.