தண்ணீர் வேலை வாஷ்பாக்ஸில், துணி வேலை வீட்டில்

தம்பி, நீங்கள் எழுதியிருந்ததை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். ஸ்டுட்கார்ட் பக்கம் குடியேறி எட்டு மாதம் ஆகிறது. பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். கோயம்புத்தூரில் செய்ததுபோலவே ஞாயிற்றுக்கிழமை காலையில் வாளியும் ஷாம்புவுமாக வாசலில் இறங்கியபோது, மேல்மாடிக்காரர் சன்னலைத் திறந்து இங்கே கார் கழுவக் கூடாது என்று சொல்லிவிட்டார். அது உண்மையா, உண்மையென்றால் வண்டியை எப்படிப் பளபளப்பாக வைத்துக்கொள்வது, கடையில் தள்ளுபடியில் வந்திருக்கும் பிரஷர் வாஷரை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வட்டாரத்தில் இருபத்தோரு ஆண்டுகளாக இருப்பவன், உங்களைப் போலவே வாளியுடன் இறங்கி மாட்டிக்கொண்டவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கடைசிக் கேள்விக்கு விடை எளிது: பிரஷர் வாஷரை வாங்க வேண்டாம். வாடகைக் குடியிருப்பில் அதை வைத்துக் காரைக் கழுவ உங்களுக்கு இடமே கிடைக்காது.

மாடிக்காரர் சொன்னது பெரும்பாலும் சரிதான். ஆனால் வீட்டில் கார் கழுவக் கூடாது என்று நாடு முழுமைக்கும் ஒற்றை வரியில் எழுதப்பட்ட சட்டம் ஜெர்மனியில் இல்லை. 1957ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2009இல் புதிதாக எழுதப்பட்ட நீர்வளச் சட்டம், நிலத்தடி நீரையும் ஆறு ஓடைகளையும் கெடுக்காதபடி ஒவ்வொருவரும் கவனமாக நடந்துகொள்ள வேண்டும் என்கிறது. அந்தப் பொதுக் கடமையை ஒட்டி ஒவ்வொரு நகராட்சியும் தனக்கென்று விதி வகுத்துக்கொள்கிறது. அதனால் ஓர் ஊரில் சொந்த வீட்டின் முன்னே, கான்கிரீட் போட்ட தரையில், சோப்பு இல்லாத வெறுந்தண்ணீரால் கழுவலாம். பக்கத்து ஊரில் அதுவும் கூடாது. மண் தரையிலும் சரளைக்கல் தரையிலும் கழுவுவது, எஞ்சினையும் வண்டியின் அடிப்பாகத்தையும் கழுவுவது, இவற்றை எந்த ஊரிலும் அனுமதிப்பதில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நகராட்சி விட்டாலும் உங்கள் வாடகை ஒப்பந்தத்தோடு தைத்துக் கொடுத்திருக்கும் ஹவுஸ்ஓர்ட்னுங் என்ற குடியிருப்பு விதித்தாள் விடாது. அதை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். நாம் யாரும் படிப்பதில்லை.

எனக்கு இது சட்டப் புத்தகத்திலிருந்து புரியவில்லை. வந்த முதல் கோடையில், வாடகை வீட்டின் முற்றத்தில், பாத்திரம் கழுவும் திரவத்தை வாளியில் கலக்கி வண்டி முழுவதும் நுரை பூசி நின்றேன். பக்கத்து வீட்டு மூதாட்டி வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. என்னை அழைத்துக்கொண்டு இரண்டு தெரு தாண்டி ஓர் ஓடைக்கரைக்கு நடந்தார். அங்கே கரையில் பதித்திருந்த சிமெண்டுக் குழாயின் வாயிலிருந்து என் வெள்ளை நுரை கொத்துக் கொத்தாக விழுந்து, இரண்டு வாத்துகளின் பக்கமாக மிதந்துகொண்டிருந்தது. எங்கள் தெருவில் மழைநீருக்குத் தனிக் குழாய், கழிவுநீருக்குத் தனிக் குழாய். முற்றத்து இரும்புச் சல்லடையில் விழுவது எதுவும் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை, நேரே ஓடைக்குப் போகிறது. ஷாம்பு மட்டும் இருந்தால்கூடப் பரவாயில்லை. பிரேக் தேய்ந்த இரும்புத் தூள், டயர்த் தூள், எஞ்சின் எண்ணெயின் கசிவு எல்லாம் அந்த நுரையோடு சேர்ந்தே போகின்றன. அன்றைக்கு வாளியை மாடிப்படிக்கு அடியில் வைத்தவன், பிறகு அதைத் தரை துடைக்க மட்டுமே எடுத்தேன்.

ஆகவே இந்த நாட்டில் கார் பராமரிப்பை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் ஓடும் வேலைகள் எல்லாம் வாஷ்பாக்ஸில்; துணியும் விரலும் மட்டுமே வேண்டிய வேலைகள் வீட்டில். உண்மையில் வண்டிக்கு மெருகு தருவது இந்த இரண்டாவது பாதிதான். அதை வாசலில் நின்று செய்தால் ஒருவரும் சன்னலைத் திறக்க மாட்டார்கள்.

வாஷ்பாக்ஸ் என்பது நாமே நாணயம் போட்டுக் கழுவிக்கொள்ளும், மேற்கூரையிட்ட தொட்டி போன்ற இடம். பெட்ரோல் பங்குகளை ஒட்டியும் தொழிற்பேட்டைகளிலும் இருக்கும். அதன் தரைக்கு அடியில் சேறு படியும் தொட்டியும், அடுத்து எண்ணெய் பிரியும் தொட்டியும் இருக்கின்றன: மணல் கீழே தங்கும், எண்ணெய் மேலே மிதக்கும், நடுவில் உள்ள நீர் மட்டும் கழிவுநீர்க் குழாய்க்குப் போகும். பல இடங்களில் சொந்த வாளியும் சொந்த ஷாம்புவும் கொண்டுவரக் கூடாது என்று பலகை வைத்திருப்பது வியாபாரத் தந்திரம் என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். காரணம் வேறு. வீரியமான சோப்பு எண்ணெயைத் தண்ணீரோடு பால்போலக் கலந்துவிட்டால், அந்த எண்ணெய் மிதந்து பிரியாமல் தொட்டியைத் தாண்டி ஓடிவிடும்.

அங்கே போனதும் அவசரப்பட்டு நுரைத் தூரிகையை எடுத்துவிடாதீர்கள். முதல் நாணயத்துக்கு, அழுத்தக் குழலை வண்டியிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து, கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கி மணலையும் தூசியையும் அடித்து இறக்குங்கள். குழலின் முனையை டயரின் பக்கச் சுவருக்கு மிக அருகில் கொண்டுபோகக் கூடாது, ரப்பர் உள்ளே காயப்பட்டால் வெளியே தெரியாது. தூரிகையைத்தான் நான் பெரிதும் சந்தேகிக்கிறேன். உங்களுக்கு முன் வந்தவர் காட்டுப் பாதையில் ஓட்டிய ஜீப்பை அதே தூரிகையால் தேய்த்திருப்பார். அவர் விட்டுப்போன மணல் அதன் மயிரிடையில் இருக்கும். பயன்படுத்தியே ஆகவேண்டுமென்றால் முதலில் தூரிகையையே குழலால் நன்றாக அலசிவிடுங்கள். கடைசியாக, உப்பு நீக்கிய நீர் வரும் பொத்தானைத் தேடி ஒரு சுற்று ஊற்றுங்கள். இங்கே பல ஊர்களில் குழாய்த் தண்ணீர் கடினமானது, உலர்ந்தால் கறுப்பு வண்டியில் சுண்ணாம்புப் பொட்டுப் பொட்டாகத் தெரியும். உப்பு நீக்கிய நீர் பொட்டு வைக்காது, துடைக்காமலே வீட்டுக்கு ஓட்டிப் போகலாம். எல்லாம் சேர்த்து ஐந்தாறு யூரோவில் முடியும்.

இனி வீட்டு வேலை. ஊரில் காலையில் வந்து ஈரத்துணியால் தூசியைத் துடைத்துவிட்டுப் போகும் அண்ணன் நம் எல்லார் தெருவிலும் இருந்தார். அவர்மேல் எனக்குக் குறை இல்லை, ஆனால் வெயிலில் பார்த்தால் பானெட்டில் சிலந்தி வலைபோல வட்டம் வட்டமாகத் தெரியும் கீறல்கள் அந்தத் துணி போட்டவை. வண்டியின் வண்ணப்பூச்சு முழுவதும் சேர்த்து 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் மேலே இருக்கும் நிறமற்ற பூச்சு ஏறக்குறைய 40, 50 மைக்ரான், அதாவது ஒரு தலைமயிரின் பருமன்கூட இல்லை. மணல் அதைவிடக் கடினமானது. எனவே உலர்ந்த தூசியின்மேல் எந்தத் துணியையும் வைக்காதீர்கள். வசந்த காலத்தில் சில ஆண்டுகள் சகாரா பாலைவனத்துத் தூசி காற்றில் வந்து இங்கே இறங்கும். 2022 மார்ச்சில் தென் ஜெர்மனி முழுவதும் வண்டிகள் செம்மண் ரோட்டில் ஓடியவை போல நின்றன. அன்றைக்கு ஆசையாகத் துணி எடுத்துத் துடைத்தவர்கள் பிறகு பாலிஷுக்குச் செலவழித்தார்கள்.

கழுவிக் கொண்டுவந்த வண்டியை நிழலில் நிறுத்தி, பூச்சு கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது வேலையைத் தொடங்குங்கள். மளிகைக் கடையில் பழம் போட்டுத் தரும் மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டை மெதுவாகத் தடவிப் பாருங்கள். வெறுங்கைக்கு வழவழப்பாகத் தெரிந்த இடம், பைக்குள்ளிருந்து தடவும்போது ரவை தூவியது போலச் சொரசொரக்கும். அவை பூச்சில் ஒட்டிக்கொண்ட இரும்புத் தூளும் மரப்பிசினும். எந்த ஷாம்புவுக்கும் போகாது. அதற்குத்தான் கிளே என்று விற்கும் களிமண் போன்ற கட்டி. அதில் ஒரு எலுமிச்சை அளவு பிய்த்து, சப்பாத்தி மாவுபோலப் பிசைந்து தட்டையாக்கி, வழுக்கலுக்கான திரவத்தை நிறையத் தெளித்து, அழுத்தாமல் நேர்கோட்டில் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். முதலில் தடதடவென்று இழுக்கும், சிறிது நேரத்தில் சத்தம் அடங்கி வழுக்கும். அந்த இடம் முடிந்தது என்று பொருள். அழுக்கை உள்ளே மடித்துப் புதுப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டி தரையில் விழுந்துவிட்டால் குப்பையில் போட்டுவிடுங்கள். என் மனைவிக்கு அது வீண்செலவாகத் தோன்றியதால், விழுந்ததை ஒருமுறை அலசிப் பயன்படுத்தினேன். இடது பின்கதவில் அதன் கோடு இன்றும் இருக்கிறது.

அதன்பின் வாக்ஸ். பாலிஷும் வாக்ஸும் ஒன்றல்ல: பாலிஷ் பூச்சைச் சிறிது தேய்த்து எடுக்கிறது, வாக்ஸ் அதன்மேல் ஒரு படலம் வைக்கிறது. பாலிஷை அவசியம் வந்தால் மட்டும் செய்யுங்கள். வாக்ஸை ஆண்டுக்கு இரண்டுமுறை, குளிர்கால டயர் மாற்றும் அக்டோபரிலும் கோடை டயர் மாற்றும் ஈஸ்டர் சமயத்திலும் பூசினால் போதும். மெல்லியதாகப் பூசி, மங்கியபின் சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் எடுத்துவிடுவதுதான் வேலை. தடித்துப் பூசினால் மெருகு கூடாது, தோள்தான் வலிக்கும்.

வாக்ஸ் எதற்கு என்பது ஜூனில் தெரியும். உங்கள் தெருவில் லிண்டன் மரம் இருந்தால் அதன் கீழே நிறுத்தாதீர்கள். இலையில் இருக்கும் அசுவினிப் பூச்சிகள் விடும் இனிப்புப் பிசின் கண்ணாடி முதல் டிக்கி வரை பாகு தெளித்ததுபோல ஒட்டிக்கொள்ளும். பறவை எச்சம் அதைவிடக் கெடுதல், வெயிலில் ஓரிரு நாள் விட்டாலே பூச்சில் தடம் பதிந்துவிடும். இரண்டுக்கும் வீட்டிலேயே மருந்து உண்டு: டிஷ்யூவைத் தண்ணீரில் நனைத்து அதன்மேல் பத்து நிமிடம் வைத்து, ஊறியபின் தேய்க்காமல் அள்ளி எடுப்பது. ஒரு கிண்ணம் தண்ணீருக்கு யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஆயுத பூசைக்குப் பானெட்டில் சந்தனமும் குங்குமமும் வைக்கும் வழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கும். அதைக் கண்ணாடியில் வையுங்கள். சந்தனம் காய்ந்தால் பொடியாகி, துடைக்கும்போது உப்புத்தாள்போல் இழுக்கும். குங்குமத்தின் சாயம் வெள்ளை வண்டியில் இளஞ்சிவப்பாகத் தங்கிவிடும். கண்ணாடியில் வைத்ததைப் பிள்ளையார் குறையாக எடுத்துக்கொண்டதாக இதுவரை எனக்குத் தெரியவில்லை.

குளிர்காலத்தில் சாலையில் உப்பு இறைப்பார்கள். அது பூச்சைவிட வண்டியின் அடிப்பாகத்தைத்தான் தின்னும், அதனால் மாதம் ஒருமுறையாவது அடிப்பாகமும் கழுவும் தானியங்கி நிலையத்துக்குப் போய்வாருங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் தகுதிச் சோதனையில் பழைய வண்டிகளைத் திருப்பி அனுப்பும் காரணங்களில் துருவும் ஒன்று. கடும் உறைபனி நாளில் கழுவினால் கதவோர ரப்பர் ஈரத்தோடு உறைந்து ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் கிழியும். நவம்பரிலேயே அந்த ரப்பரில் பூசிவிடுவதற்கென்று ஹிர்ஷ்டால்க் என்ற குச்சி கடைகளில் கிடைக்கும், உதட்டுக்குப் பூசுவது போன்ற வடிவம். அது மான் கொழுப்பு. வீட்டில் சைவம் என்றால் சிலிகான் குச்சியோ கிளிசரினோ வாங்கிக்கொள்ளுங்கள்.

உள்பக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, முறுக்குத் துகளைக் குழந்தை இருக்கையின் இடுக்கிலிருந்து எடுக்க ஒரு பழைய பல்துலக்கியும் வேக்குவம் கிளீனரும் போதும். தரைவிரிப்பில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும் சாலை உப்பு, வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் வினிகர் கலந்து ஒற்றி எடுத்தால் போய்விடும். ஆனால் வேக்குவம் கிளீனரை ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஓட்டாதீர்கள். ஞாயிறு ஓய்வு நாள் என்பது 1919ஆம் ஆண்டின் வைமார் அரசமைப்பிலிருந்து இன்றைய அரசமைப்புக்குள் அப்படியே எடுத்துக்கொள்ளப்பட்ட விதி. உங்கள் மாடிக்காரர் சன்னலைத் திறந்ததற்குத் தண்ணீர் பாதிக் காரணமென்றால் கிழமை மறுபாதி. சனிக்கிழமை மதியம் வாஷ்பாக்ஸில் நீண்ட வரிசை நிற்கும். நான் வியாழக்கிழமை அலுவலகம் முடிந்து வரும் வழியில் கழுவிவிட்டு, சனிக்கிழமை காலையில் துணி வேலையை வைத்துக்கொள்கிறேன்.